பலகையில் இருந்த உதாரணம்

ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தும் அப்பாவின் நகக்கண்ணிலிருந்து சாக்பீஸ் வெள்ளை போகவில்லை. மகள் விடாமல் துடைத்தாள். காலையில் காபியோடு வந்து எழுப்பியபோதே கை சில்லிட்டிருந்தது.

டியூஷன் அறையிலேயே கிடத்தியிருந்தார்கள். பெஞ்சுகளை வாசலில் போட்டதில் வந்தவர்களுக்கு உட்கார இடமாயிற்று. தலைமாட்டில் கரும்பலகை. அதில் நேற்று நடத்திய இங்கிலீஷ் பாடம், ‘இஃப்’ போட்டு எழுதும் வாக்கியங்கள்.

இறப்பை உறுதிசெய்ய வந்த டாக்டர் அவருடைய பழைய மாணவி. ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் வைத்தவள் பலகையைப் பார்த்ததும் துக்கத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

“சார் இன்னும் அதே உதாரணம்தானா! அந்தப் பொண்ணு நீங்கதானாக்கா?”

மகள் அப்பாவின் கையைக் கீழே வைத்தாள். டாக்டரே ஒப்பித்தாள்.

“என் பொண்ணு ஒழுங்கா படிச்சிருந்தா டாக்டர் ஆயிருப்பா. படிக்கலை, ஆகலை, இனிமே ஆகவும் முடியாது. ‘இஃப்’ல மூணாவது வகைன்னா இதான்னு சொல்வாரு. எனக்கு அப்பதான் பளிச்சுன்னு புரிஞ்சுது.”

மகளுக்கும் அது மனப்பாடம். வருஷம் தவறாமல் ஒரு வகுப்பே கோரஸாகச் சொல்வதை அடுப்படியில் நின்று கேட்டவள். ஒரு தடவைகூட அவள் வாயைத் திறந்ததில்லை.

“நீங்க ஏங்க்கா படிக்கலை?”

“புத்தகத்தைத் தொட்டாத்தானே!” என்று அத்தை முந்திக்கொண்டாள். அண்ணன் மானத்தைக் காப்பாற்ற அத்தையை விட்டால் ஆளில்லை.

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள் மகள். ஆத்திரம்தான் வந்தது.

“நான்தான் கிளாஸ்ல முதல். அம்மா படுத்த படுக்கையானதும் அப்பாவே ஸ்கூலுக்குப் போய் டி.சி. வாங்கிட்டு வந்துட்டாரு.”

டாக்டர் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “சார் அதைச் சொல்லவே இல்லையேக்கா.”

“போன மனுஷன் பக்கத்துல உக்காந்து பேசுற பேச்சாடி இது?” என்றாள் அத்தை.

மகள் எழுந்து பலகை துடைக்கும் துணியை எடுத்தாள். டி.சி. வாங்கிய வாரமே, நல்ல துணியை ஏன் வீணாக்குவது என்று அவளுடைய பள்ளி யூனிஃபார்மை அப்பா துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டார். மற்றவை கிழிந்துபோயின. இது ஒன்றுதான் மிச்சம்.

வாக்கியத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அழித்தாள். பிறகு கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து துணியை அலசினாள். வெள்ளைத் தண்ணீர் வெகுநேரம் வந்தது. உள்ளே நீலம் அப்படியே இருந்தது. பிழிந்து உதறி, கொடியில் தன் புடவைக்குப் பக்கத்தில் காயப்போட்டாள்.