பெட்டிக்குள் இருந்த மேலங்கி

புரட்சிக்காரர்களின் கையில் மன்னரின் தலை விழுந்து பத்து மாதமாகியிருந்தது. பிரபுக்களின் பதக்கம் ஒன்று அகப்பட்டாலே போதும், அந்த வீட்டுக்காரரைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். பூத்தையல்காரி பெரினின் வீட்டிலோ முழு மேலங்கியே இருந்தது.

மன்னர்கள் அமைத்த பரிசுத்த ஆவி வீரர் அணியைச் சேர்ந்த ஒரு பிரபு சொல்லித் தைத்தது. கறுப்பு வெல்வெட் முழுக்கத் தங்கச் சரிகையில் தீநாக்குகள். இடது மார்பில் வெள்ளிப் புறா தாங்கிய சிலுவை. பதினான்கு மாத வேலை. முடியும் தறுவாயில் புரட்சி வந்தது, பிரபு எல்லை தாண்டி ஓடிவிட்டார். அழித்துவிட வேண்டும் என்று பெரின் எத்தனையோ முறை கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள். கை வரவில்லை.

நவம்பர் மாதக் காலையில் நாத்தனார் க்ளோத்தில்த் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அண்ணி, சோதனை போடுறாங்க! மூணாவது வீட்டுக் கெழவரைப் புடிச்சிட்டாங்க."

"எதுக்குடி?"

"கோட்டுப் பையில பதக்கம் தொங்கவிடுற சிவப்பு ரிப்பன் ஒரு துண்டு இருந்துச்சாம். அவ்வளவுதான்."

பெரின் மேலங்கியை வெளியே எடுத்தாள்.

"அடுப்புல போட்டுடலாமா?" என்றாள் க்ளோத்தில்த்.

"வெல்வெட் எரிஞ்சா தெருவே நாறும். பெட்டியில திணி. மேல கந்தலைப் போடு."

மூடியைச் சாத்தும்போதே படிக்கட்டில் காலடி கேட்டது. வந்தவன் காரோ, அதே தெருச் செருப்புத் தைப்பவன். இப்போது இடுப்பில் புரட்சி அதிகாரியின் மூவர்ணப் பட்டை. பின்னால் ஈட்டியோடு இருவர்.

"வாங்க ஐ..." பெரின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த நாட்களில் 'ஐயா'வும் குற்றம், 'நீங்க'வும் குற்றம். "வா, குடிமகனே."

"என்ன, மூஞ்சி மாவு மாதிரி வெளுத்திருக்கு?"

"ரொட்டிக்கு வரிசையில நின்னு தூக்கமே இல்ல."

ஈட்டிக்காரர்கள் மெத்தையைக் குத்தினார்கள். அறையெங்கும் இறகு பறந்தது. காரோ நேராகப் பெட்டியிடம் போய்க் கந்தலை விலக்கினான். தங்கம் மின்னியது. பெரின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தான். தைத்தவர்கள் தங்கள் முதலெழுத்தை உள்பக்கம் சிவப்பு நூலில் போட்டு வைப்பது பெரினின் பட்டறை வழக்கம். நான்கு பேரின் எழுத்துகள். மூன்றாவது, அங்கே வேலை பார்த்த அவன் மனைவி ரென்னுடையது. காரோவின் கழுத்து நரம்பு துடித்ததைப் பெரின் கண்டாள். அவன் கந்தலை மேலே தள்ளி, மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பெட்டிய நான் பாக்கலியே," என்றான் ஈட்டிக்காரன் ஒருவன்.

"முழுக்க மூட்டைப்பூச்சி. ஆசையா இருந்தா கைய விட்டுப் பாரு."

மற்றவன் சிரித்தான். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மூவரும் இறங்கிப் போனார்கள்.

வெயில் சாய்வதற்குள் காரோ தனியாகத் திரும்பி வந்தான்.

"அறிவிருக்கா ஒனக்கு? எம் பொண்டாட்டி கழுத்தையும் சேத்தில்ல இதுல தைச்சு வச்சிருக்க!"

"பிரிக்க மனசு வரல."

"கத்தரிய எடு."

இரண்டு நாள் பிரித்தார்கள். வெல்வெட்டைக் காரோ துண்டுபோட்டு, படைவீரர்களின் செருப்புகளுக்குள் ஒட்டினான். சரிகையைத் துணிக்கூடையில் மறைத்துக் கொண்டுபோய் க்ளோத்தில்த் ஆற்றில் விட்டாள். புறாவை வெட்டும்போது பெரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாராவது படியேறினால் ஊசி அவள் விரலில் ஏறியது. குளிர்காலம் முழுக்க அப்படித்தான்.

அடுத்த கோடையில் ஆட்சி கவிழ்ந்தது. இப்போது பழைய சோதனைக்காரர்களைப் பிடித்தார்கள். காரோவும் உள்ளே போனான். ரென் வந்து அழுதாள். காரோவுக்காகச் சாட்சி சொல்ல வேண்டுமானால் மேலங்கியைப் பற்றி வாய் திறந்தாக வேண்டும். காற்று மறுபடி எந்தப் பக்கம் திரும்புமோ, யாருக்குத் தெரியும்?

"போகாதீங்க அண்ணி," என்றாள் க்ளோத்தில்த்.

பெரின் போனாள். அதிகாரியின் முன் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே போனார். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பதினேழாம் நாள் காரோவை விட்டுவிட்டார்கள்.