மார்செலின் மடங்காத விரல்

எனக்கு பேஸ்பால் பிடிக்காது. கிண்டி பொறியியல் கல்லூரியின் இரண்டாம் அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். தலையணை மாதிரி ஒரு கையுறையும் முகத்துக்குக் கம்பி வலையும் மாட்டிக்கொண்டு பந்து பிடிப்பதெல்லாம் ஒரு ஆட்டமா என்று கனடாவில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த மார்செலிடம் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவன் சிரிப்பான். அந்தக் கேட்சர் வேலைதான் பதினோரு வருடமாக அவனுக்குச் சோறு போட்டது.

சோறு என்றால் அரை வயிற்றுச் சோறு. பெரிய லீகுக்குக் கீழே இருக்கும் சின்ன லீகுகளில் ஒன்பது ஊர் அணிகளுக்கு ஆடியிருந்தான். பாதி வாழ்க்கை பஸ்ஸிலேயே போயிருந்தது. பனிக்காலத்தில் எங்கள் பேட்டையான மொன்ட்ரியால்-நோருக்குத் திரும்பி வந்து, வீடு வீடாக ஹீட்டர் எண்ணெய் ஊற்றுவான். வயது முப்பத்துமூன்று. ஆசை ஒன்றே ஒன்று: பிறந்த ஊரில், பெரிய லீகில், ஒரு முழு ஆட்டம் ஆடிவிட வேண்டும்.

1971 செப்டம்பரில் அதற்கு வாய்ப்பு வந்தது. மொன்ட்ரியால் அணியின் கேட்சர்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் காயம்பட, மார்செலைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரம் இறக்கினார்கள். மானம் போயிற்று.

கேட்சர் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டென்றால் வளையும் பந்து. எறிபவன் அதன்படி எறிய வேண்டும். அந்த ஜூனில்தான் மார்செலின் நடுவிரல் முறிந்து, மடக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. அவன் ஒன்று காட்டினால் தூரத்து நிழலில் இரண்டாகத் தெரிந்தது. வேகப்பந்துக்குக் கை நீட்டியவனை ஏமாற்றிவிட்டு, மூன்று பந்துகள் வளைந்து பின்பக்க வேலிக்குப் போயின.

"நாளைக்கு வேறு ஆள் இல்லை, நீதான். ஆனால் இதே கூத்து நடந்தால் முதல் இன்னிங்ஸிலேயே உன்னை வெளியே எடுத்துவிடுவேன்" என்றாராம் மேலாளர். அந்த ஞாயிறுதான் மொன்ட்ரியாலில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம்.

ஞாயிறு காலை மார்செல் எங்கள் கதவைத் தட்டினான். நவராத்திரி சமயம். என் மனைவி சியாமளா எலும்பு டாக்டர். கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து, அரைத்த அரிசி மாவில் இழைக்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்றைக்கு மட்டும் இந்த விரலை மடக்க ஏதாவது ஊசி உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவள் மாவுக் கையோடே அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கி, நடுவிரலைப் பார்த்தாள். "இல்லை. ஆபரேஷன்தான்" என்றாள். அவ்வளவு பெரிய ஆள், கண் கலங்கிவிட்டான். எனக்கே சங்கடமாக இருந்தது.

விட்ட கையை அவள் சட்டென்று மறுபடி பிடித்தாள். ஆள்காட்டி விரல் நுனி மாவு பட்டு வெளுத்திருந்தது.

"ஏங்க, ஹால் லைட்டை அணைச்சுட்டு அந்தக் கோடியில போய் நில்லுங்க. எத்தனை விரல் தெரியுது?"

"ஒண்ணு."

"நடுவிரல்?"

"தெரியவே இல்ல!"

ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றின் நுனியிலும் மாவைத் தடவி, ஊதி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு பூசினாள். நடுவிரலைத் தொடவில்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வெக்கிற மாதிரியில்ல இருக்கு!" என்றேன்.

"சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டு, அவனிடம் சொன்னாள்: "எறிகிறவரை வெள்ளையை மட்டும் எண்ணச் சொல்." மீதி மாவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். "மெர்சி, டாக்டர்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு ஓடினான்.

ஜாரி பூங்கா மைதானத்தில் சுண்டல் டப்பாவோடு உட்கார்ந்திருந்தோம். முதல் பந்து. எறிபவன் கண்ணை இடுக்கிப் பார்த்தான், தலையை ஆட்டினான், எறிந்தான். பந்து கையுறைக்குள் போய் விழுந்த சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. சியாமளா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஒவ்வொரு இடைவேளையிலும் மார்செல் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து பாட்டிலுக்குள் விரலை விட்டான். மட்டையைப் பிடித்து அவன் ஒன்றும் கிழிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு பந்துகூட அவனைத் தாண்டிப் போகவில்லை.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் இரண்டு ரன், அவர்கள் ஒன்று. இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட்டாக்க வேண்டும். முதல் தளத்தில் நின்ற எதிரணிக்காரன், பந்து கிளம்பியதுமே இரண்டாம் தளத்துக்குப் பிய்த்துக்கொண்டு ஓடினான். மார்செல் பந்தைப் பிடித்தான், எழுந்தான், எறிந்தான். ஓடியவன் வந்து சேர்வதற்குள் பந்து அங்கே காத்திருந்தது. அவன் அவுட், நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

"ஸ்டம்பிங்!" என்று நான் நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன். அது ஸ்டம்பிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. மைதானம் முழுக்க மார்செல், மார்செல் என்று அலறியது. அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் பார்த்து, மாவு பூசிய கையைத் தூக்கினான்.

அடுத்த வருடம் அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனும் காத்திருக்கவில்லை. எண்ணெய் லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டான். பெரிய லீகில் எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று தெருவில் யாராவது கேட்டால் குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றி விரலைக் காட்டுவான். நடுவிரலும் கூடவே நிற்கும்.

"இரண்டா?" என்பார்கள்.

"ஒன்று" என்பான், நெஞ்சை நிமிர்த்தி. "முழுசாக ஒன்று."