குப்பைக்குப் போக வேண்டிய ஜெல்

பல் வெளுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அக்கா ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. "ரெண்டு நாளைக்குச் சூடும் வேணாம், ஜில்லுன்னும் வேணாம், புளிப்பு பக்கமே போகாதீங்க. வெதுவெதுன்னு தண்ணி குடிங்க. கூச்சத்துக்குத் தர்ற பேஸ்ட்டை விரல்ல தொட்டுப் பல்லுல பூசி அப்படியே விட்டுடுங்க. தானா சரியாயிடும்." ஆறு வருடமாக அதே பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வாள். இப்போது நாலு நாளாகத் தன் தங்கைக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பல் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஓட்டல் வரவேற்பு வேலைக்கு நேர்காணல் வந்ததும், "இந்த மஞ்சப் பல்லை வச்சுக்கிட்டு எப்படிக்கா சிரிக்கிறது?" என்று பிடித்துக்கொண்டாள். அக்கா மனம் இளகி, ஒருவருக்குப் போட்டது போக மீந்த அரைக்குழாய் ஜெல்லைக் குப்பையில் போடாமல் தன் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலையில் வாலுவின் ஈறு புண்ணாகாமல் தடுப்பு பூசி, கடிகாரத்தைப் பார்த்து ஜெல்லை இருபதே நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். மிச்சத்தைக் கையோடு எடுத்துப் போயிருக்க வேண்டும். அங்கேதான் புத்தி வேலை செய்யவில்லை. இருபது நிமிடத்துக்கே இவ்வளவு வெள்ளை என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வாலு கணக்குப் போட்டு, மீதியையும் பிதுக்கிப் பூசிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அடுத்த நாள் நேர்காணலில் ஏசி காற்று பட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எதிரே இருந்த மூன்று பேரும், பாவம், பெண்ணுக்கு என்ன குடும்பக் கஷ்டமோ என்று உருகிப்போனார்களாம். "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிக்கப் போனவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மற்ற பற்கள் மூன்றாம் நாள் அடங்கின. முன்பல் ஒன்று மட்டும் அடங்கவில்லை. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து முனை உடைந்து, அடைத்து வைத்த பல் அது. சும்மா இருக்கும்போதே விண் விண் என்று தெறித்தது. இது வழக்கமான கூச்சமில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மாவிடம் காட்டினால் ஜெல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வீட்டில் இரண்டு பேருக்கும் இவள் வேலை ஒன்றுதான் ஆதாரம். "நாளைக்குப் பாப்போம்டி" என்று தள்ளிப்போட்டாள்.

நாலாம் நாள் வாலு பொறுக்க முடியாமல் தானே மருத்துவமனைக்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அக்கா எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"என்னம்மா போட்டே பல்லுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"கடையில வாங்கினது டாக்டர்." பல் கூசியதே தவிர வாய் கூசவில்லை. அக்காவைக் காப்பாற்றுகிறாளாம்.

டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தார். குளிர்ந்த பஞ்சை ஒரு நொடி வைத்து எடுத்தார். வாலு துள்ளிவிட்டாள்.

"கடை ஜெல்லுன்னா வீரியம் கம்மி. மாத்திரை தர்றேன், ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாம். நம்மகிட்ட இருக்கிற மாதிரி ஜெல்லா இருந்தா அடைச்ச இடம் வழியா நரம்புக்கே எறங்கியிருக்கும். இன்னைக்கே திறந்து பாக்கணும். விட்டா பல்லே போயிடும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கடையிலதான் டாக்டர்," என்று வாலு சாதித்தாள். அக்கா பக்கம் திரும்பக்கூட இல்லை.

அக்காவுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால், இந்தப் பைத்தியம் தன் பல்லைக் கொடுத்து அவள் வேலையைக் காப்பாற்றிவிடும்.

"நாப்பது சதவீத வீரியம், டாக்டர். நம்ம ஜெல்தான். நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல பல்லுல இருந்திருக்கு."

திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தாள். டாக்டரம்மா மரத்துப்போகும் ஊசிக்குக் கையை நீட்டினார். அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

"என்னைக்குப் போட்டது?"

"நாலு நாளாச்சு."

"நாலு நாளா என் பக்கத்துலயேதானே நின்னுக்கிட்டு இருந்தே," என்றார் டாக்டரம்மா.

அக்கா குழாயைத் தங்கையின் வாயருகே கொண்டுபோனாள். டாக்டரம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வெளியே இருந்த இன்னொரு உதவியாளரைக் கூப்பிட்டார்.