ஐஸுக்குள் ஒரு பல் செட்டு

சபாபதி பொய் சொல்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நேரத்தை முடிவு செய்வார், பிறகு இடத்தை, கடைசியில்தான் காரணத்தை. அந்தச் சனிக்கிழமைப் பொய்யையும் அப்படித்தான் கட்டினார். காலை ஆறு மணிக்கு மேல் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், வெறும் வயிற்றில் ஒரு தரமும் சாப்பிட்டபின் ஒரு தரமும் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலூர் துறைமுகத்தில் இருக்கும் தங்கள் ஐஸ் பிளான்டுக்குத் திரும்பியதாக மனைவியிடம் சொன்னார்.

உண்மையில் போனது அன்புமணி. பிளான்டில் ஐஸ் கட்டி தூக்குகிறவன், முப்பத்திரண்டு வயது, கட்டுமஸ்தான ஆள். அத்தனை குளிரிலும் ஓயாமல் தண்ணீர் குடிப்பான் என்பதைத் தவிர அவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. சபாபதியின் பெயரில் அவன் ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. கடலூரில் எந்த லேபுக்குப் போனாலும் முகம் தெரியும் என்பதால்தான் சிதம்பரம்.

சர்க்கரை சரியாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம், பழையபடி சாப்பிடலாம் என்று மனைவி தமிழ்ச்செல்வி வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று வருடமாகக் கேழ்வரகும் பாகற்காயும் தின்று சபாபதிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. பண்ருட்டிப் பலா வேறு சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு மனிதன் எத்தனை நாள்தான் நல்லவனாக இருப்பான்?

ரிப்போர்ட் வரும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை நடுப்பகலில், ஆளில்லாத பிளான்டில், ஐஸ் உறையும் தகரக் கேன்கள் இறங்கி நிற்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் பலகை மூடிகள்மேல் உட்கார்ந்து பலாச்சுளை தின்றார். சில்லென்று இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று, மிச்சத்தைக் கவரில் கட்டி, உறைந்துகொண்டிருந்த ஒரு கேனுக்குள் நூலில் இறக்கினார். குனிந்த நேரத்தில் தும்மல் வந்தது. மேல்வரிசைப் பல் செட்டு கேன் தண்ணீருக்குள் போய்விட்டது. பலாவை நூலைப் பிடித்து இழுத்துவிட்டார், பல்லை இழுக்க நூல் இல்லை. கேனைத் தூக்கும் யந்திரத்தை ஓட்ட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பொக்கை வாயோடு போனவர், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிளான்டில் எட்டிப் பார்த்தபோது பல் செட்டு கேனுக்குள் விழுந்துவிட்டது என்றார். தமிழ்ச்செல்வி நம்பிவிட்டாள். காலையில் கட்டி வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினார். அவர் எழுந்து வருவதற்குள் கட்டி சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு அதே வண்டியில் சாக்குச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. மீன் விற்கும் மாரியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள், பல் இருக்கிற ஐஸில் மீன் போட்டால் மீன் கடிக்கும் என்று ஒருத்தியும் வாங்கமாட்டாளாம்.

சாக்கைப் பிரித்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்த கட்டிக்குள், அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், சபாபதியின் பற்கள் யாரையோ பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. அன்புமணி பன்னீர் சோடா வாங்கிவந்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து இந்தத் தொட்டியைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அளவு டேப்பை எடுத்துவந்து அளந்தாள்.

சபாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வலியப் போய்க் கணக்குச் சொன்னார். காலை ஆறு மணிக்குக் கேனில் தண்ணீர் ஊற்றுகிறோம். சுற்றிலும் அடியிலும் நாலு நாலு அங்குலம் உறைந்து நடுவில் மூட இருபத்துநாலு மணி நேரம். விழுந்த பல் அந்நேரம் அடியில் உறைந்திருந்த ஐஸ்மேல்தான் போய் உட்காரும். அப்படியானால் இரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

"சாயங்காலம் ஆறு. நான் சொன்னேன்ல, தமிழு?"

கணக்கு இவ்வளவு அழகாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தமிழ்ச்செல்வி அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு ஊற்றிய ஒரு கேனைத் தூக்கச் சொன்னாள். அன்புமணி தூக்கி, நடுவிலிருந்த தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தான். உள்ளே வெறும் கூடாக ஓர் ஐஸ் பெட்டி வந்து விழுந்தது. அவள் அதன் அடிப்பக்கக் கனத்தை அளந்தாள். இரண்டு அங்குலம்.

"இப்ப மணி என்னா மாமா?"

சபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு.

"மொதல்ல குளிருக்குக் குறுக்கால வெறும் தகரம்தான். அதான் சடசடன்னு உறையும். அப்பறம் உறைஞ்ச ஐஸே கம்பளி மாதிரி போத்திக்கும். அது தடிக்கத் தடிக்க உள்ள இருக்குற சூடு வெளிய வர லேட்டாவும். மொத ரெண்டு இன்ச்சுக்கு ஆறு மணி நேரம், அடுத்த ரெண்டுக்குப் பதினெட்டு. உங்க பல்லு நேத்து மத்தியானமே விழுந்திருக்கு. அப்ப சிதம்பரத்துல ரத்தம் குடுத்தது யாரு?"

அன்புமணி தரையைப் பார்த்தான். சபாபதி வேறொரு பொய்யைத் தேடினார். நேரம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் கட்டியை உடைத்துப் பற்களை எடுத்துவிட்டாள். இடுக்கில் மஞ்சளாக ஒரு பலா நார்.

"அந்த ரிப்போர்ட்ட நம்பி நான் மாத்திரைய நிறுத்தியிருப்பேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

குரல் உடைந்துவிட்டது. சபாபதிக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போனில் லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. அவள்தான் வாங்கிப் பார்த்தாள். வெறும் வயிற்றில் இருநூற்று எண்பது. சாப்பிட்டபின் நானூறைத் தாண்டியிருந்தது. பெயர், சபாபதி.

"அது என் ரத்தம் இல்ல," என்றார் அவசரமாக. இரண்டு நாளில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

சொல்லி முடித்தபிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் அன்புமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சோடாவில் பாதியைக் குடித்திருந்தான். தமிழ்ச்செல்வி போய் அவன் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"எனக்கா, அக்கா? எனக்குப் பொண்ணு பொறந்து மூணு மாசந்தான் ஆவுது."

நாளைக் காலை இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு தயாராக இருக்க வேண்டும், தானே கூட வருவதாக அவள் சொன்னாள். சபாபதி ஐஸ் தண்ணீர் சொட்டும் பற்களை வாங்கி, நாரை உருவிப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். குளிரில் ஈறு விறைத்தது. அன்புமணியின் தோளில் கை போட்டார்.

"இதுக்குப் போயி பயப்படுவாங்களாடா? நான் மூணு வருசமா மாத்திரை போடறேன். எனக்கு என்னா ஆயிடுச்சி?"

சட்டைப் பையைத் துழாவி, நேற்று விழுங்காமல் ஒளித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தார். அவன் கண்ணெதிரிலேயே வாயில் போட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கிக் காட்டினார்.