கூரையிலிருந்து விழுந்த நாய்

அடைமழை பெய்தால் ஆங்கிலத்தில் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்பார்கள். அந்தத் தொடர் எப்படி வந்தது என்று மகன் ஹியொன்ஜே கொரியப் பிள்ளைகளுக்கு நடத்தும் இணைய ஆங்கில வகுப்பில் சொன்ன விளக்கத்தைப் பார்த்ததிலிருந்து பியோ மன்சிக்குக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

பழங்காலத்தில் வைக்கோல் கூரைமேல் பூனையும் நாயும் படுத்திருக்குமாம். மழை வந்தால் வழுக்கி விழுமாம். அதோடு நிறுத்தினானா? "ஆன்டாங் ஊரில் எங்கள் பூர்வீக வீட்டுக் கூரையிலிருந்தே நாய் விழுந்ததை அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார்" என்றும் சேர்த்துவிட்டான்.

வைக்கோல் கூரை! தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு ஓடு வேய்ந்த வீடு அது. கூரை வீட்டுக்காரர்கள் அதன் வாசலில் குனிந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். "அதை எடுத்துடுடா. நம்முது ஓட்டு வீடு."

"ஓட்டுமேல நாய் ஏறாதேப்பா."

"வைக்கோல்மேல மட்டும் ஏறுமா?"

"ஏறாதுதான். அந்தப் பேச்சு எப்படி வந்துச்சுன்னு இங்கிலீஷ்காரனுக்கே சரியாத் தெரியாது. கதையாச் சொன்னாத்தான் பசங்க மனசுல நிக்கும்."

"உன் கதைக்கு என் அப்பன் வீடுதான் கெடைச்சுதா?"

"லட்சக்கணக்கான பேர் பார்த்தாச்சுப்பா. இனிமே எடுத்து என்ன பண்ண?"

வீட்டைக் காட்டி வாயடைக்கவும் வழியில்லை. அணை கட்டியபோது அது ஊரோடு நீருக்குள் போய்விட்டது.

இலையுதிர் காலத்தில் மூதாதையர் கல்லறைகளுக்குப் படைக்கக் குலம் முழுவதும் மலையில் கூடும். மூத்த கிளையின் தலைமகன் அவர்தான். அங்கே எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

படையல் முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அதற்குள் சித்தப்பா மகன், வயதில் மூத்த சங்டு முந்திக்கொண்டார். "என்ன தம்பி, மேகம் கூடுது? தலைமேல நாய் ஏதும் விழாதுல்ல?"

மலையே சிரித்தது. ஹியொன்ஜே காதுவரை சிவந்து, தலையைத் தொங்கப்போட்டு அப்பா பக்கத்தில் நின்றான்.

அப்போது சங்டுவின் பேத்தி மன்சிக்கின் முன்னால் வந்து இடுப்புவரை வளைந்து வணங்கினாள். "தாத்தா, உங்க நாயாலதான் பரீட்சையில அந்தக் கேள்விக்குச் சரியா எழுதினேன். ஹியொன்ஜே சித்தப்பா சொன்னது நெசந்தானே? அதுக்குப் பேரு என்ன?"

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். இல்லை என்றால் குலத்தின் முன்னால் மகன் பொய்யன். ஆமாம் என்றால் வீடு குடிசை. மன்சிக் கல்லறைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பதூக்" என்றார். "புள்ளி போட்ட நாய்."