நீலப் புள்ளி இல்லாத வீடு

பன்னிரண்டு மணிக்கு என் பங்குக்கு மூன்று மெகாவாட் குறைக்க வேண்டும் என்று பதினோரு மணிக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. வெயில் அப்படி. பன்னிரண்டு லட்சம் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனம் எங்களுடையது. கட்டுப்பாட்டு அறையின் சுவர்த்திரையில் அத்தனை வீடுகளும் வெறும் கோடுகள். ஒரு கோடு ஒரு ஃபீடர். அதை அணைத்தால் இரண்டாயிரம் வீடுகளில் மின்விசிறி நிற்கும்.

மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்குத் திரையில் ஒரு நீலப் புள்ளி உண்டு. புள்ளி உள்ள வீட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போன் போகும். அவர்கள் சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். 216-ஆம் ஃபீடரில் ஒரு புள்ளியும் இல்லை. சரியாகப் பன்னிரண்டுக்கு அணைத்தேன்.

“உனக்கென்னம்மா, பட்டனைத் தட்டினா போச்சு, தட்டினா வந்துச்சு,” என்றார் பக்கத்து மேசையில் எரிவாயுவைக் கவனிக்கும் அண்ணன். “நான் ஒரு குழாயை மூடினேன்னா, திறக்கறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போய் அடுப்பு மூடியிருக்கான்னு பாக்கணும். பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.”

நான் சிரித்து முடிப்பதற்குள் அத்தானின் போன் வந்தது.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கரண்ட் போய்ப் பத்து நிமிஷமாச்சு. அக்காவுக்கு உதடெல்லாம் நீலமா இருக்கு.”

“சிலிண்டர் மாத்துங்க அத்தான்.”

“மாத்திட்டேன். முள்ளு அடியில நிக்குது. நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நிரப்பி வாங்கியிருப்பேன்ல? இருபது நிமிஷம் தாங்கும். சிக்னல் எதுவும் எரியலையாம், ஆம்புலன்ஸ் எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது.”

அக்காவின் இணைப்பு எண்ணைத் தட்டினேன். 216. புள்ளி இல்லை. அது எப்படிப் போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்த இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. “செத்தவர் பேருக்கு மாசாமாசம் கடுதாசி வருதுடி, பாக்க முடியல,” என்றாள் அக்கா. நானே விண்ணப்பம் எழுதி, நானே மாற்றிக் கொடுத்தேன். பெயர் மாறினால் புது எண் வரும். புள்ளி பழைய எண்ணோடு போய்விடும். கையால் மறுபடி போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் வந்த சுற்றறிக்கையில், பதினோராம் பக்கத்தில், அது இருக்கிறது. படித்தேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். படிக்கவில்லை.

மேலதிகாரியின் அறைக்கு ஓடினேன்.

“216-ஐ போடணும் சார். எங்க அக்கா அங்க மெஷின்ல இருக்கா.”

“போடு. அதே அளவுக்கு வேற ஒண்ணை அணைச்சுடு.”

“எதை சார்? புள்ளி இல்லைங்கறதை எப்படி நம்பறது? பேர் மாத்தின வீட்டுல எல்லாம் புள்ளி போயிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. அடுத்த வருஷம் புது சாஃப்ட்வேர் வருது, சரியாயிடும்.”

தெரியும். அவரை அறையத்தான் கை பரபரத்தது. அவர் கன்னத்தில் ஒன்று, என் கன்னத்தில் ஒன்று.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பூட்டுச் சின்னம் போட்ட, எந்த மின்வெட்டுச் சுற்றிலும் அணையாத ஃபீடர்கள் சில உண்டு. அதில் ஒன்றில் ஒரே கட்டடம்தான்: ஊரின் மறுபக்கம் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம். பதினெட்டு மாடி, குளிரூட்டி. அங்கே யாரும் மெஷினில் மூச்சு விடவில்லை. உத்தரவிட்டவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுப் பூட்டைத் திறந்து அணைத்தேன். 216-ஐ எழுப்பினேன்.

“வந்துடுச்சு,” என்றார் அத்தான். பின்னால் மெஷின் உறுமுவது கேட்டது. அக்காவிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன், அதற்கு அப்போது நேரமில்லை.

மேலதிகாரி மூச்சிரைக்க வந்தார். “ஆபீஸையே அணைச்சிட்டியா? எம்.டி. லிஃப்டுல தொங்கறாரு!”

“ஜெனரேட்டர் இருக்கே சார்.”

“டீசல் ஊத்தலையாம்!”

எரிவாயு அண்ணன் சிரிப்பை மறைக்க முகத்தை மேசையில் கவிழ்த்துக்கொண்டார்.

“போடும்மா உடனே.”

“லிஃப்டுல இருந்து இறக்கற வரைக்கும் போடறேன் சார். ஒரு மணிக்கு அடுத்த ஃபீடரை அணைக்கணும்ல? அதுல பேர் மாறின வீட்டுப் பட்டியலைக் கொண்டாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிட்டுத்தான் அணைப்பேன். பட்டியல் வரலைன்னா ஒரு மணிக்கும் ஆபீஸ்தான்.”

“உன் வேலை போயிடும்.”

“அப்ப நீங்க உட்காருங்க. உங்க பேரைப் போட்டு நீங்களே அணைங்க.”

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் உட்காரவில்லை. பட்டியலை எடுத்து வந்தார். முப்பத்தெட்டு வீடுகள்.

கோபம் தணியவே இல்லை. அக்கா வீடாக இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் மதியச் சாப்பாட்டைப் பிரித்திருப்பேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள்.

“கரண்ட் ஆபீஸ்லேருந்து பேசறேங்க. உங்க வீட்டுல யாராவது ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்காங்களா?”

“இருந்தாரு,” என்றாள். “போன தடவை நீங்க கரண்டை நிறுத்தற வரைக்கும்.”

போன தடவையும் இந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன்.