ஆக்ராவில் வேகாத பருப்பு

ராமாத்தாளுக்குத் தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது, நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கிற ஆசைதான். ஆனால் மற்றவர்கள் ஆக்ராவுக்கே போகாததால் பார்க்காதவர்கள். ராமாத்தாள் வருஷம் தவறாமல் ஆக்ராவுக்குப் போய்க்கொண்டே பார்க்காதவள்.

கணபதியில் அரங்கசாமி என்பவர் சுற்றுலா பஸ் விட்டுக்கொண்டிருந்தார். அதில் ராமாத்தாள்தான் சமையல். போத்தனூரில் ஒற்றை அறை வீடு. கணவன் காலமாகி வெகுநாள் ஆயிற்று, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. எப்போது கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவாள். ‘எந்த ஊர் போனாலும் நம்ம ஊர்ச் சாப்பாடு’ என்று அரங்கசாமி நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதை நம்பித்தான் சனம் பணம் கட்டியது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு கோட்டையைப் பார்க்காமல் திரும்பினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மத்தியானம் ரசம் இல்லையென்றால் பொறுக்க மாட்டார்கள். அதனால் பஸ் நின்றதும் சனம் கோபுரத்தைப் பார்த்து நடக்கும், ராமாத்தாள் தண்ணீர்க் குழாயைத் தேடி நடப்பாள். அவர்கள் திரும்பி வரும்போது சோறு சூடாக இருக்க வேண்டும்.

அந்த ஊர்களெல்லாம் அவளுக்கும் தெரியும், அவள் வழியில். கோனார்க் என்றால் அடுப்பை அணைக்கிற கடல்காற்று. அஜந்தா என்றால் வாழைத்தாரைக் குறிவைக்கிற குரங்குகள். ஆக்ரா என்றால் உப்புத் தண்ணீர், அதில் துவரம்பருப்பு லேசில் வேகாது. மற்றதெல்லாம் பரிமாறும்போது காதில் விழுந்ததுதான். “அந்தச் சக்கரம் ஆளைவிட ஒசரமுங்க” என்று கோனார்க்கில் ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்த பேச்சு “இன்னும் கொஞ்சம் ரசமுங்க” என்று வந்து நிற்கும். இப்படி அரையும் குறையுமாகத்தான் அவள் தேசத்தைக் கேட்டு வைத்திருந்தாள்.

தாஜ்மகால் மட்டும் வேறு. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். பசியோடு வந்து உட்கார்வார்கள், தட்டில் சோறும் விழுந்துவிடும், ஆனாலும் பிசையாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்கள். பசித்த மனுசனுக்குச் சோற்றை மறக்கடிக்கிற ஒன்று எப்படித்தான் இருக்கும்? வருஷா வருஷம் கரண்டியும் கையுமாக நின்று அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே ராமாத்தாள் ஏங்கிப்போனாள். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷப் பயணத்தில் தம்பிதுரை என்று ஒருவர் வந்திருந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். கூட அவர் மனைவி சாமியாத்தாள். உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று எவையெவை இருக்கின்றன என்பதை அவர் பேப்பரில் படித்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கஜுராஹோவை விட்டு பஸ் கிளம்பியதும் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, யார் யார் எத்தனை பார்த்திருக்கிறார்கள் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். ஓய்வுபெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு கணக்கு வேண்டும்.

பஸ்ஸே விரலை மடக்கியது. மேனேஜர் விதிமுறையில் கறாராக இருந்தார். கால் பட்டிருக்க வேண்டும், கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததெல்லாம் சேராது. மாமல்லபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தோடு திரும்பிய ஒருவருக்கு அது சேருமா சேராதா என்று பத்து மைல் தூரம் வழக்கு நடந்தது. கடைசியில் மேனேஜருக்குப் பதினொன்று, சாமியாத்தாளுக்குப் பன்னிரண்டு என்று முடிந்தது. தஞ்சாவூருக்குப் புருஷன் இல்லாமல் தங்கச்சியோடு போய் வந்ததை அந்த அம்மாள் அத்தனை வருஷம் கழித்து அங்கேதான் சொன்னார். மேனேஜருக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று.

அப்போது டிரைவர் ராமுலு ஸ்டியரிங்கில் இருந்தபடியே குரல் கொடுத்தார். உங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஆள் பின்சீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது, ராமாத்தாக்கா போகாத ஊரே கிடையாது, பதினைந்துக்குக் குறையாது என்றார். பஸ் கைதட்டியது. புதிதாய்க் கல்யாணமாகி வந்திருந்த சண்முகப்பிரியா என்ற பெண் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ராமாத்தாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கைதட்டலை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அவளால் முடியவில்லை.

“நானொண்ணும் பாக்கலீங்க,” என்றாள். “பஸ்ஸு நிக்கற எடந்தானுங்க எனக்குத் தெரியும்.”

“தாஜ்மகால்கூடவா பாக்கலீங்க?” என்று மேனேஜர் கேட்டார்.

“இல்லீங்க.” அதோடு நிறுத்தியிருப்பாள். வாய் நிற்கவில்லை. “அது ஒண்ணையாச்சும் பாத்துப்போடோணும்னு இருக்குதுங்க.”

எத்தனை வேளை இவள் கையால் சாப்பிட்டிருக்கிறோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று அவரவருக்குச் சுருக்கென்றது. மேனேஜர் மறுபடி எழுந்து நின்றார். நாளைக்கு ஆக்ராவில் அடுப்பே பற்ற வைக்கக் கூடாது, எல்லாரும் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொள்வது, ராமாத்தாள்தான் முதலில் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானம் மாதிரி சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். மனசாரச் சொன்னார்கள், அதில் சந்தேகம் வேண்டாம்.

மறுநாள் காலையில் ராமாத்தாள் மகள் எடுத்துக்கொடுத்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டாள். அடுப்படிக்கு ஆகாத சேலை என்று வருஷக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தது அது. வழியில் ஓர் ஓட்டலில் நிறுத்தினார்கள். ரொட்டியிலும் கூட்டிலும் ஒரே கடுகெண்ணெய் வாசம். ஆளுக்கு ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். பஸ் ஆக்ராவில் நின்றபோது மத்தியானம் ஆகியிருந்தது.

முதலில் வந்தவர் சாமியாத்தாள். ராமாத்தாளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனம்மணி, இவருக்குச் சக்கரை இருக்குதல்லோ. காலைலிருந்து வயித்துல ஒண்ணுமில்ல. ஒரு கரண்டி ரசம் மட்டும் வெச்சுத் தந்தீன்னா போதும். தொந்தரவு பண்ணிக்காதே, சும்மா கொஞ்சமா.”

ஒரு கரண்டிதானே என்று ராமாத்தாள் புளியை ஊறப்போட்டாள். அடுத்தாற்போல் சண்முகப்பிரியா வந்தாள். முழுகாமல் இருக்கிறாளாம், இன்னும் யாருக்கும் சொல்லவில்லையாம், ஊரில் செய்கிற அரிசிம்பருப்புச் சாதம் ஒரு பிடி கிடைத்தால் வாந்தி நிற்குமாம். பின்னாலேயே ஒரு தாய், குழந்தைக்குத் தயிர்சோறு. அப்புறம் மாமல்லபுரத்து மண்டபத்துக்காரர், அவருக்கு மாத்திரை போடுவதற்கு முன்னால் ஒரு வாய். கடைசியாக மேனேஜரே வந்தார். சம்சாரத்துக்குத் தலைசுற்றல், அவ வாய்விட்டுக் கேட்க மாட்டா, ஒரு உருண்டை பருப்புஞ்சோறு, கொஞ்சமா, யாருக்கும் தெரிய வேண்டாமுங்க என்றார். புருஷனுக்காகப் பெண்டாட்டி வந்ததும் பெண்டாட்டிக்காகப் புருஷன் வந்ததும் ஒருவருக்கொருவர் தெரியாது. தன்னுடையது ஒன்றுதான் விலக்கு என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

கொங்கு நாட்டில் யாரும் யாரையும் வெடுக்கென்று வேலை ஏவ மாட்டார்கள். ‘ங்க’ போட்டு, தலையைச் சாய்த்து, உங்களுக்குச் சிரமம் என்று தானே சொல்லி, அப்புறம்தான் கேட்பார்கள். அதட்டினால் திருப்பி அதட்டலாம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராமாத்தாளுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் பேசி வளர்ந்தவள்.

போகும்போது மேனேஜர் அவள் கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார். “வாசல்ல காட்டுனா உட்ருவாங்க. பின்னாடியே வந்துருங்க.”

“வாரேனுங்க,” என்றாள் ராமாத்தாள். டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மாம்பழக் கலர் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஸ்டவ்வைப் பம்ப் அடித்தாள். ஒரு பிடி, ஒரு கரண்டி, ஒரு வாய் என்று எல்லாவற்றையும் கூட்டினால் வழக்கமான குண்டான்தான் வந்து நின்றது.

பருப்பு வேகவில்லை. அந்தத் தண்ணீரில் எப்போதும் வேகாது, அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்து நசுக்கிப் பார்ப்பாள், கல்லாக இருக்கும். மரங்களுக்கு அந்தப் பக்கம் சனம் போவதும் வருவதுமாக இருந்தது. இதோ ஆயிற்று, இறக்கி வைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. ராமுலுவை எழுப்பி அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுத் தூங்குகிற மனுசன், இன்றைக்கும் ஓட்ட வேண்டும். எழுப்ப மனசு வரவில்லை. முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பருப்பு மசிந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது.

அவள் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே சனம் வர ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தனக்கென்று சொல்லி வைத்ததை வாங்கிக்கொள்ள ஓசைப்படாமல் அடுப்பருகே வந்தார்கள். வந்தால், அங்கே ஏற்கெனவே நாலு பேர். நாலு எட்டாயிற்று, எட்டு முழுப் பந்தியாயிற்று. மேனேஜர் ஒரு பக்கமாக வந்தார், சாமியாத்தாள் மறுபக்கமாக வந்தார். நடுவில் குண்டான் நிறையச் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“உள்ள எங்கியும் உன்னையக் காணமேன்னு பாத்தேன் அம்மணி,” என்று சாமியாத்தாள் மெதுவாகச் சொன்னார். “முன்னாடி போயிருப்பேன்னு நெனச்சுப்போட்டேன்.”

ராமாத்தாள் தட்டுகளில் பரிமாறினாள். யாரும் பிசையவில்லை. வருஷா வருஷம் பார்த்த அதே காட்சிதான், ஆனால் அன்றைக்கு அவர்கள் சோற்றை மறந்தது தாஜ்மகாலால் அல்ல. மேனேஜர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாங்க போலாம் என்றார். அந்த வயசில் அவர் ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ராமாத்தாள் ஈரக்கையோடு பின்னால் ஓடினாள். வாசலில் உள்ளே விடுகிற நேரம் முடிந்துவிட்டது. காவல்காரன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினான். மேனேஜர் தெரிந்த இந்தியில் கெஞ்சிப் பார்த்தார், அப்புறம் இங்கிலீஷில், கடைசியில் தமிழிலேயே. நாளைக்கு வா என்றான் அவன். நாளைக்கு பஸ் மதுராவில் இருக்கும்.

அடைத்த வாசலுக்கும் மரத்துக்கும் நடுவில், மங்கிய வானத்தில், வெள்ளையாக ஏதோ ஒரு துண்டு தெரிந்த மாதிரி இருந்தது. அதுவா, மேகமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ராமாத்தாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. மேனேஜர் பக்கத்தில் நிற்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள்.

“நான் கேட்ருக்கக் கூடாதுங்க,” என்றார் அவர்.

“ஒரு உருண்டைதானுங்களே,” என்றாள் ராமாத்தாள்.

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் யாரும் விரலை மடக்கவில்லை. டெல்லியில் இரண்டு சேர்ந்தன, மேனேஜர் கணக்கைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் புறப்பாடு நெருங்கியபோது அரங்கசாமி போன் பண்ணினார். பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் வந்து கூப்பிட்டாள். ராமாத்தாள் போய் ரிசீவரை எடுத்து, முதலில் ஆக்ரா உண்டுங்களா என்று கேட்டாள். உண்டு என்றார்.

“அன்னைக்கு மட்டும் நான் சமைக்க மாட்டனுங்க.”

அதுக்கென்னங்க, காலையிலேயே கொஞ்சமாகச் செய்து வைத்துவிட்டுப் போய் வாருங்கள் என்றார் அரங்கசாமி, நல்ல மனுசன்தான்.

“கொஞ்சமாவும் ஆகாதுங்க,” என்றாள் ராமாத்தாள்.

பாக்கலாமுங்க என்று சொல்லி அவர் போனை வைத்தார். கொங்குப் பக்கத்தில் ‘பாக்கலாமுங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? பஸ் வேறு சமையல்காரியோடு கிளம்பிப் போயிற்று.

அவள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் போனபோதாவது தாஜ்மகால் ஒரு சுவர் தள்ளித்தான் இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் போயிற்றே என்று ஒரு நாள் உட்கார்ந்து நன்றாக அழுதாள். போத்தனூரில் படுத்தால் ராவும் பகலும் ரயில் சத்தம்தான். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற சத்தம். அந்த வண்டிகளில் சில வடக்கே போகின்றன என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ் இல்லாமலும் ஆக்ராவுக்குப் போகலாம் என்று அதுவரை ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

விடிந்ததும் புளிசாதம் கிளறினாள். இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கட்டும் என்று எண்ணெய் கூட விட்டாள். ஒரு ஆளுக்கு மட்டும் எவ்வளவு புளி என்று கைக்குப் பிடிபடாமல் இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தாள். மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, சோற்றை அடைத்த தூக்குப் போசியோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

“ஆக்ராவுக்குங்க,” என்றாள் கவுண்டரில்.

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரிசர்வேசன் இல்லாமல் அவ்வளவு தூரம் உட்கார்ந்துகொண்டே போக வேண்டுமே என்றார். ஒக்காந்தே பழக்கமுங்க என்றாள்.

“எத்தனைங்க?”

அந்தக் கேள்வியை ஒரு பஸ்ஸே அவளிடம் கேட்டுக் கைதட்டியிருக்கிறது. ராமாத்தாள் போசியைக் கை மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணுங்க,” என்றாள்.